எர்த் இல்லாத வீட்டில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர்

பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு டெலிவரிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருப்பது பாறாங்கல்லா என்று இந்தியில் கேட்டார். இரும்பு என்றேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பெட்டியைப் பார்த்தார், அப்புறம் ஹாலைப் பார்த்தார். ஹாலில் ஏற்கெனவே கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன.

"ஏட்டி, வீட்டையே இடிக்கப் போறானுவ. நீ சாமான் வாங்கிக்கிட்டு இருக்க?"

"இடிக்கும்போது தூக்கிட்டுப் போவோம்."

"யாரு, நானா?"

செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குள், பழையதை இடித்துப் புதிதாகக் கட்டித் தரும் ரீடெவலப்மென்ட் என்ற பேச்சு நுழைந்ததிலிருந்து நான் ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. அடுத்த மாதம் காலி செய்யச் சொல்வார்கள் என்பார்கள். மாதம் போகும். பில்டர் மாறிவிட்டார் என்பார்கள். அப்புறம் தீபாவளிக்குப் பிறகு என்பார்கள். நான் பாத்திரங்களைக் கட்டி வைத்தேன், விருந்தாளி வந்தபோது அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். திரைச்சீலை கிழிந்திருந்தது, மாற்றவில்லை. குளியலறை டைல்ஸ் பெயர்ந்து கிடந்தது, ஒட்டவில்லை. போகப்போகிற வீட்டுக்கு எதற்கு என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில். துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கும் என் கணவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. சரக்கு வரும்போது வரும் என்று பழகிய மனுஷர். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஐரோலியில் சம்பளப் பட்டுவாடா பிரிவில் வேலை. வாஷியில் வண்டி மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில்கூட பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

ஐரோலி ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் வீட்டில்தான் பாட்டுக் கேட்பதற்கான அந்தப் பழைய காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். அவர் மகளின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். எல்லோரும் கேக் பக்கம் இருக்க, நான் அதன் முன்னால் நின்றேன். வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்களுக்குள் செம்மஞ்சள் இழை கனன்றது. நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, கல்யாணுக்குப் பக்கத்தில் ஒரு டிவி தொழிற்சாலையில் சோதனை மேசையில் இரண்டு வருஷம் இருந்தவள். தொழிற்சாலை மூடியதும் கணக்கு வேலைக்கு வந்து, அதிலேயே தலை நரைத்துவிட்டது. அன்று அந்தக் குழாய்களைப் பார்த்தபோது விரல்கள் தாமாகவே எதையோ தேடின. வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் தேடினேன். நல்ல கம்பெனிப் பொருளின் விலையைப் பார்த்துவிட்டு மூடினேன். மறுநாள் சீனாவிலிருந்து வருகிற மலிவான ஒன்றைப் பார்த்தேன். மகன் பெங்களூருக்குப் போகும்போது விட்டுப்போன ஸ்பீக்கர்கள் அவன் அறையில் சும்மா கிடந்தன. வாங்கிவிட்டேன்.

மலிவாக வரும் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சுவரில் சொருகிவிடக் கூடாது. அதற்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டர்கள் அந்தக் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். எவரோ எங்கேயோ அவசரமாகப் பூட்டி அனுப்பிய பெட்டியை நம்பி அதன் மேல் கை வைக்க முடியாது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் பெட்டியைத் திறந்ததும் சொருகிப் பார்த்துவிடலாமா என்று மனசு பரபரத்தது. அதை அடக்கத்தான் முதலில் சாயா போட்டுக் குடித்தேன்.

வால்வுகள் தனியாகப் பஞ்சில் சுற்றி வந்திருந்தன. அவற்றை எடுத்துச் சோற்றுப் பானைக்குள் துணி போட்டுப் பத்திரமாக வைத்தேன். ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் தூக்கி மெல்லச் சாய்த்தேன். உள்ளே ஏதோ உருண்டது.

"உடைஞ்சு வந்திருக்கு. திருப்பி அனுப்பு" என்றார் கணவர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

அடித்தகட்டைக் கழற்றினேன். ஒரு திருகாணி வந்து விழுந்தது. டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்க வேண்டிய நான்கில் ஒன்று. கப்பலில் குலுங்கிக் குலுங்கிக் கழன்றிருக்க வேண்டும். அதை மாட்டி மற்றவற்றையும் முறுக்கினேன். பின்பக்கம் நூற்றிப்பத்து வோல்ட்டா இருநூற்றிருபதா என்று தள்ளி வைக்கும் சின்ன ஸ்விட்ச் இருந்தது. அது நூற்றிப்பத்தில் நின்றது. நான் அப்படியே நம் ஊர் கரண்டில் சொருகியிருந்தால் புகைதான் மிஞ்சியிருக்கும். திருப்பி வைத்தேன். ஃபியூஸைக் கழற்றி, கரண்ட் சோதிக்கும் என் பழைய கை மீட்டரில் பார்த்தேன், அது சரியாக இருந்தது.

அடுத்தது எர்த். கரண்ட் எங்காவது கசிந்து இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டால், அது நம் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போய்ச் சேர்வதற்காக ஒரு கம்பி. மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் இன்னொன்றைக் கூட்டிலும் வைத்தேன். இணைப்பு இருந்தால் மீட்டர் கூவ வேண்டும். கூவவில்லை. அழுத்தினேன், இடம் மாற்றினேன். சத்தமே இல்லை. உள்ளே பார்த்தால், எர்த் கம்பியைக் கூட்டோடு சேர்த்து முறுக்கித்தான் இருந்தார்கள். ஆனால் பெயின்ட் அடித்த இடத்தின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். கறுப்புப் பெயின்ட் கனமாக இருந்தது. கரண்டுக்கு அது சுவர். சமையலறைக் கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்ததும், பல் வைத்த வாஷர் போட்டு மறுபடி முறுக்கினேன். மீட்டர் கூவியது. பக்கத்து அறையிலிருந்து கணவர், "என்னட்டி அது, குக்கரா?" என்றார்.

இனி வேண்டியது ஒரு குண்டு பல்பு. புதிதாக வந்த ஆம்ப்ளிஃபயருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நூறு வாட் குண்டு பல்பைக் கோர்த்துவிடுவது பழைய வழக்கம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், கரண்ட் அதற்கு மேல் பாயாது. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரு தரம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். ஆனால் குண்டு பல்புக்கு எங்கே போவது? செம்பூர் ஸ்டேஷன் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் எல்இடியைத்தான் நீட்டினார்கள். அது இதற்கு உதவாது.

அந்த வாரம் தாராவியில் என் தம்பி வீட்டுக்குப் போனபோது, மெயின் ரோட்டு பேக்கரி ஒன்றில் பப்ஸ் சூடாக இருக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரிவதைப் பார்த்தேன். உள்ளே போய், இந்த பல்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்துத் தமிழர்.

"எதுக்குக்கா? கோழிக்குஞ்சு வளக்கியளா?"

"இல்லண்ணே. ஒரு ஆம்ப்ளிஃபயரச் சோதிக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோயிலுக்கா?"

"வீட்டுக்கு."

"பல்ப வச்சு ஆம்ப்ளிஃபயரா?" என்று சிரித்துவிட்டு, இரண்டு சந்து தள்ளி ஒரு கடையைக் காட்டிவிட்டார். அங்கே தூசி படிந்த அட்டையில் நிறைய இருந்தன. ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று இரண்டு வாங்கினேன். லோக்கல் ரயிலில் மடியில் வைத்து, பச்சைப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஆரம்பித்தேன். மரப்பலகையில் பல்பு ஹோல்டரையும் சாக்கெட்டையும் பொருத்தினேன். வெளிநாட்டுப் பிளக்கை வெட்டிவிட்டு நம்முடைய மூன்று பின் பிளக்கைப் போட்டேன். கரண்டு பின்களுக்கும் கூட்டுக்கும் நடுவே தொடர்பு எதுவும் இல்லை என்பதை மீட்டரில் பார்த்துக்கொண்டேன். வால்வுகளை இன்னும் மாட்டவில்லை. ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. பிளக்கைச் சொருகினேன். ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். பழைய பழக்கத்தில் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, டெஸ்டர் ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கூட்டின் மேல் வைத்தேன்.

டெஸ்டருக்குள் செவ்வொளி எரிந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். ஆன் செய்யாத பெட்டி, கூட்டில் கரண்ட். முதலில் நினைத்தது, நான்தான் பிளக்கில் கம்பியை மாற்றிப் பூட்டிவிட்டேன் என்று. கழற்றிப் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மறுபடி சொருகினேன். மறுபடியும் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சும்மா இருக்கட்டும் என்று டெஸ்டரைச் சுவர் சாக்கெட்டின் மேல் ஓட்டையில், அந்தப் பெரிய எர்த் ஓட்டையில், விட்டேன்.

அங்கேயே எரிந்தது.

ஆம்ப்ளிஃபயரில் கோளாறு இல்லை. அதை நான் ஒழுங்காகச் சரிசெய்து எர்த்தோடு சேர்த்ததால்தான் வீட்டு எர்த்தில் இருந்த கரண்ட் அதன் கூட்டுக்கு வந்திருந்தது. மண்ணுக்குப் போக வேண்டிய கம்பி மண்ணுக்குப் போகவில்லை. ஃபிரிட்ஜ் கதவின் திருகாணியில் வைத்தேன், மங்கலாக எரிந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டப் போனேன். அவர் வந்து குனிந்து பார்க்கும்போது எரியவில்லை.

"எங்கட்டி எரியுது?"

"இப்ப எரிஞ்சுச்சுங்க. சத்தியமா எரிஞ்சுச்சு."

"நீ நேத்துல இருந்து சரியாத் தூங்கல" என்று போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வைத்தேன். எரிந்தது. அப்புறம் அணைந்தது. வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. அன்று சமைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. டெஸ்டரும் கையுமாக வீடு முழுக்க நடந்தேன். ஒரு கோளாறு நிலையாக இருந்தால் பிடித்துவிடலாம். இப்படி வந்து வந்து போனால், நம் கண்ணையே நம்ப முடிவதில்லை.

மாலையில் முதல் மாடி மாமியின் நினைவு வந்தது. எங்களுக்கு நேர் கீழ் வீடு. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாதுங்காவில் பிறந்து வளர்ந்து, ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். வாஷிங் மெஷின் ஷாக் அடிக்கிறது என்று கட்டட வீட்டுக்காரர்களின் சொசைட்டி கூட்டம் ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று சொல்வார். மெக்கானிக் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று போய்விடுவான். செக்ரெட்டரி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

கதவைத் திறந்த மாமி என் கையில் டெஸ்டரைப் பார்த்தார்.

"மாமி, உங்க வாஷிங் மெஷின ஒருக்கா பாக்கலாமா?"

"ஏன், உங்காத்துலயும் கடிக்கறதா?"

"ஆமா மாமி."

"அப்பாடி!" என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு ஷாக் செய்தியை வாங்கிக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. "உள்ள வாம்மா. நான் சொன்னப்போ எல்லாரும் என்ன சொன்னா தெரியுமோ? ஈரக்கையோட தொடாதீங்கோ மாமின்னு. நேக்கு அவ்ளோகூடத் தெரியாதா?"

மெஷினுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ரப்பர் செருப்போடு ஏறி நின்றுதான் அவர் துணி போடுகிறார். டெஸ்டர் எரிந்தது. மாமி குனிந்து அந்தச் சின்ன வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நாங்கள் இருவருமாகத்தான் அலைந்தோம். நான் மேலே சாக்கெட்டில் டெஸ்டரை வைத்திருக்க, மாமி கீழே புதிதாக வாங்கிய இன்னொரு டெஸ்டரை மெஷினில் வைத்துக்கொண்டு ஃபோனில் சொல்வார். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் எரிந்தது, ஒரே நேரத்தில் அணைந்தது. எனக்குப் படம் தெளிவானது. எல்லா வீட்டு எர்த் கம்பிகளும் சேர்ந்து கீழே மண்ணுக்குப் போக வேண்டும். கீழே எங்கோ அது அறுந்துவிட்டது. இப்போது யாரோ ஒருவர் வீட்டில் கசிகிற கரண்ட், போக இடமில்லாமல், எல்லோருடைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாவற்றின் இரும்பிலும் போய் நிற்கிறது. காலையில் எல்லோரும் குளிக்கும்போது வருகிறதென்றால் ஒரு கீசராக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மத்தியானத்திலும் வந்தது. யார் மத்தியானம் முழுக்க விட்டு விட்டுக் குளிப்பார்கள்?

செக்ரெட்டரியிடம் போனோம். மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொல்லி, கேட்டுவிட்டு, இந்தியில் சொன்னார்: "மேடம், பில்டிங் ஹீ டூட்னே வாலீ ஹை." கட்டடமே இடியப் போகிறது. அதில் போய் எர்த்துக்குச் செலவு செய்தால் கமிட்டி தன்னைக் கேட்காதா என்றார்.

படியிறங்கும்போது மாமி என்னிடம் சொன்னார், "இதே பதிலத்தான் மொட்டை மாடி ஒழுகினப்பவும் சொன்னார். ஒழுகிண்டேதான் இருக்கு."

வாரநாளில் ஒரு லீவு போட்டேன். ஆபீசில் உடம்பு சரியில்லை என்றேன். அதுவும் பொய்யில்லை, தூக்கமில்லாமல் தலை கனத்துக் கிடந்தது. மத்தியானம் கட்டடத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். கீழே மீட்டர் ரூமில் போய் நின்றேன். இந்தக் காலத்து மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் அதிகம் ஓடினால் படபடவென்று சிமிட்டும், ஓடாவிட்டால் மெதுவாக. மாமியைத் தன் ஜன்னலருகே டெஸ்டரோடு நிற்கச் சொல்லியிருந்தேன். மெஷின் அந்த ஜன்னல் பக்கம்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வியர்வை கழுத்தில் வழிந்தது. திடீரென்று மேல் வரிசையில் ஒரு மீட்டர் படபடக்க ஆரம்பித்தது.

"வந்துடுத்து! வந்துடுத்து!" மாமியின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிமிட்டல் நின்றது.

"போயிடுத்து!"

மறுபடி படபடத்தது. மறுபடி மாமி கத்தினார். வாட்ச்மேன் ஓடி வந்து என்ன ஆச்சு என்றார். மீட்டரின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். மூன்றாம் மாடி. பூட்டிய வீடு. கட்டடம் இடியப் போகிறது என்று நம்பி முதல் ஆளாகக் கல்யாணில் வாடகை வீடு பிடித்துப் போன குடும்பம் அது. போகும்போது கீசரை அணைக்க மறந்திருக்கிறார்கள். யாருமில்லாத வீட்டில் அது தண்ணீரைச் சூடாக்கும், சூடானதும் தானே நிற்கும், ஆறியதும் மறுபடி சூடாக்கும். உள்ளே கம்பிச் சுருள் அரித்துப்போய், ஓடும்போதெல்லாம் கரண்டைக் கசியவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

செக்ரெட்டரி வந்தார். சொசைட்டி எலக்ட்ரீஷியனும் வந்தார். அந்த வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டோம். அவர் மனைவி பின்னாலிருந்து, நான் அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்வது எங்களுக்கே கேட்டது. அவர் சம்மதம் சொன்னதும் அந்த வீட்டு மெயினை அணைத்தார்கள். நான் மேலே ஓடினேன். எர்த் ஓட்டையில் வெளிச்சம் இல்லை. நின்று பார்த்தேன். வரவே இல்லை.

"அவ்வளவுதான், முடிஞ்சது" என்று தன் வீட்டு வாசலில் நின்று இந்தியில் சொன்னார் செக்ரெட்டரி, கையைத் தட்டிக்கொண்டு. "இனி எர்த் எதுக்கு?"

"முடியல சார்" என்றேன். "கீசர்தான் போச்சு. அறுந்த கம்பி அறுந்தேதான் இருக்கு. நாளைக்கு இன்னொரு வீட்டுல கசிஞ்சா? இதுல உங்க வீடும் சேர்ந்துதான் இருக்கு."

அவர் மறுபடி ஆரம்பித்தார், கட்டடம் இடியப் போகிறது என்று. மாமி அதை முடிக்கவிடவில்லை. தன்னுடைய மாதுங்கா இந்தியில், எல்லோருக்கும் புரியும்படி சொன்னார், பிறகு கோபம் அடங்காமல் என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார். "இடியறச்சே இடியட்டும். அதுவரைக்கும் உள்ள மனுஷா இருக்கோமோல்லியோ?"

அப்போதுதான் செக்ரெட்டரியின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அதுவரை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஃபிரிட்ஜைத் தொடும்போதெல்லாம் தனக்குக் கை மரத்துப் போவதாகவும், பிரஷராக இருக்கும் என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகவும் மராத்தியில் அவரிடம் சொன்னார். செக்ரெட்டரி மனைவியின் முகத்தையே பார்த்தார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும், அதனால்தான் என்றார் அந்த அம்மாள். செக்ரெட்டரி எலக்ட்ரீஷியனைத் தனியாக அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

காம்பவுண்டில் வண்டி நிறுத்துகிற இடத்தில் சிமென்ட் கல் பதித்தபோது, மண்ணுக்குள் போகிற எர்த் பட்டையை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். வெட்டிய முனை சுவரோரம் துருப்பிடித்துத் தொங்கியது. எத்தனை காலமாக அப்படி இருந்ததோ. புதிதாகக் குழி தோண்டி, குழாயை நட்டு, அதைச் சுற்றிக் கரியும் உப்புமாக மாற்றி மாற்றிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். மாமி நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடிகிறவரை நகரவில்லை. மாலையில் என் வீட்டுச் சாக்கெட்டில் கை மீட்டரை வைத்துப் பார்த்தேன். கரண்ட் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே முழு வோல்ட், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றுமில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும். சமையலறையில் தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அத்தனை நாள் ஈரக்கையோடு ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆம்ப்ளிஃபயர். முதலில் வால்வுகள் இல்லாமல் பல்பு வழியாக. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு இருண்டது. டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கும்வரை மீட்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். எண்கள் இறங்குகிற வேகம் எனக்குப் போதவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு ஸ்பீக்கரை இணைத்தேன். ஸ்பீக்கர் இல்லாமல் இதை ஓட்டினால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். மகனுடைய நல்ல ஸ்பீக்கர் வேண்டாம் என்று பரணில் கிடந்த பழைய ஹோம் தியேட்டரின் இரண்டை மாட்டினேன். சோற்றுப் பானையிலிருந்து வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, ஆட்டாமல் அழுத்தினேன்.

"தள்ளி நில்லுங்க" என்றேன் கணவரிடம். அவர் இந்த முறை பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

"வெடிக்குமா?"

"வெடிக்காது. ஆனா தள்ளி நில்லுங்க."

ஸ்விட்சைப் போட்டேன். பல்பு முழுசாக எரிந்தது. எண்ண ஆரம்பித்தேன், எங்கேயோ விட்டுவிட்டேன். பல்பு மெல்ல மெல்ல மங்கி, உள்ளே வெறும் சிவப்புக் கம்பியாகத் தெரிந்தது. அதே நேரத்தில் வால்வுகளின் அடியில் இழைகள் சிவக்கத் தொடங்கின. கருகிய வாசனை இல்லை. தூசி சூடாகிற வாசனை மட்டும். டெஸ்டரைக் கூட்டில் வைத்தேன். இருட்டு. பல்பை எடுத்துவிட்டு நேராகச் சுவரில் சொருகி, மறுபடி எல்லாவற்றையும் பார்த்தேன். வால்வுகளுக்குள் இருக்கிற தகடுகள் அளவுக்கு மீறிச் சூடாகி எங்காவது சிவந்து பழுக்கின்றனவா என்று ஹால் விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். இல்லை.

"இன்னும் என்னட்டி பாக்க? பாட்டப் போடு."

மகனின் ஸ்பீக்கர்களை மாட்டினேன். மாமியைக் கூப்பிட்டேன். அவர் கேட்டபடி ஒரு வயலின் கச்சேரியைப் போட்டோம். அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து மூன்று பேரும் கேட்டோம். நல்ல சத்தம். வட்டமாக, அவசரமில்லாமல் வந்தது. மாமி தொடையில் தாளம் போட்டார். என் கணவர் நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கியேவிட்டார். நான்தான் எழுந்து எழுந்து போய் டிரான்ஸ்ஃபார்மர் சூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"சித்த உக்காரேம்மா" என்றார் மாமி. "அது எங்கயும் ஓடிடாது."

உட்கார்ந்தேன். அப்போதுதான் இடது ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் கேட்டது. பாட்டு இருக்கும்போது தெரியாது. ராகத்துக்கும் ராகத்துக்கும் நடுவே மட்டும், தூரத்தில் மோட்டார் ஓடுவதுபோல். மாமியைக் கேட்டேன், தனக்குக் கேட்கவில்லை என்றார். அவர் போன பிறகு அணைத்து, ஆறவிட்டு, இடதுபக்கச் சின்ன வால்வையும் வலதுபக்கத்ததையும் இடம் மாற்றி வைத்துக் கேட்டேன். இரைச்சல் வலது பக்கம் போய்விட்டது. அப்படியென்றால் அந்த வால்வுதான். புதிதாக ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். வருவதற்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிடும் என்கிறார் கணவர். எது முதலில் வருகிறதோ தெரியாது. வாசலில் யாராவது மாடியேறி வருகிற சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.